வெங்காய உதாரணம்

எதிரே மயூரதன் ஆங்கில வகுப்புத் தொடங்கியதிலிருந்து, ஏர்னெஸ்ட் மாஸ்டரின் வகுப்பில் பாதி வாங்குகள் காலி. மிஞ்சியிருந்தவர்களில் தர்சிகாவின் கையிலும் ஏதோ ஒரு போட்டோக்கொப்பி ரியூட், வகுப்புக் குறிப்புத்தாள்!

“சேர், அஃபெக்ட், இஃபெக்ட் வித்தியாசம் இதிலை நல்லா விளங்குது.”

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. பறித்துப் படித்தார்.

‘மழை வெங்காயத்தைப் பாதிப்பது அஃபெக்ட். அதனால் வரும் அழுகல் இஃபெக்ட்.’

“உதெல்லாம் ஒரு உதாரணமே? மயூரதனைச் சுன்னாகம் சந்தையிலை வெங்காயம் விக்கச் சொல்லு!” சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு இழுத்தார். வகுப்பே சிரித்தது.

தர்சிகா மட்டும் சிரிக்கவில்லை.

“சேர், இது அம்மான்ரை பழைய ரியூட். அவ படிக்கேக்கை நீங்கள் குடுத்ததாம். இதைக் காட்டித்தான் என்னை இஞ்சை அனுப்பினவ.”