உள்ளங்கால்

"மிதிங்க மாமா. எங்க அக்கா மேல இருக்கற கோபத்தையெல்லாம் நினைச்சுக்கிட்டு மிதிங்க."

முன்சக்கரம் கழற்றப்பட்டிருந்த இடத்திலிருந்து கொழுந்தியாளின் குரல் வந்தது. அந்தக் கோபத்தையெல்லாம் நினைத்தால் காரின் அடித்தகடு தாங்காது என்று பதில் சொல்லிவிட்டு, அவர் பிரேக்கை மிதித்தார்.

கொழுந்தியாள் பதினாறு ஆண்டுகளாகச் சொந்தமாகக் கார் பட்டறை நடத்துகிறவள். அன்று காலை அக்காள் வீட்டு வாசலிலேயே அவள் காருக்கு, சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் முன்பக்கக் காலிப்பர்கள் இரண்டையும் புதிதாக மாட்டியிருந்தாள். இப்போது பிரேக் ஆயில் குழாயில் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் உள்ள சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். பட்டறை ஆட்களுக்கு ஞாயிறு விடுமுறையாம். ஆகவே மிதிக்கும் வேலை மாமாவுக்கு வந்தது.

அவருடைய வலது காலுக்கு வந்தது என்று சொல்வதே சரி.

எட்டு மாதங்களுக்கு முன்பு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபின், அந்தக் கால் கணுக்காலுக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனில் பதினான்கு பிள்ளைகள். நாளைக் காலை மறுபடியும் வண்டியை எடுக்கப் போகிறார்.

மருத்துவர் ஊசியால் உள்ளங்காலில் மூன்று இடங்களில் குத்தித் தெரிகிறதா என்று கேட்டபோது, மூன்று முறையும் தெரிகிறது என்றார். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது குத்தைக் கால் உணர்ந்ததா, கண் பார்த்ததா என்பது அவருக்கே விளங்கவில்லை. வேலைக்குப் போகும் அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது.

மிதித்தார். பிடித்தார். விட்டார். திருகில் மாட்டிய குழாய் வழியாகப் புட்டிக்குள் குமிழிகள் வந்தன, பிறகு நின்றன.

திருகை இறுக்கிவிட்டுக் கொழுந்தியாள் எழுந்தாள். "அவ்வளவுதான். காத்து சுத்தமா போயிடுச்சு. இப்போ மிதி கல்லு மாதிரி இருக்கணுமே, இருக்கா மாமா?"

அவர் அழுத்திப் பார்த்தார்.

கல்லாக இல்லை. நனைத்து மடித்த துணியின்மீது கால் வைத்ததுபோல் இருந்தது.

எடுத்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். அதே துணி.

குற்றம் காரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காலில் இருக்க வேண்டும். பதினாறு ஆண்டு அனுபவக்காரி கார் சரியென்று சொல்லிவிட்டாள். அப்படியானால் மிச்சம் இருப்பது கால்தான். மிதி மெத்தென்று இருப்பதாக அவர் சொன்னால், அவளே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்ப்பாள். கல்லாகத்தானே இருக்கிறது என்பாள். அந்தப் பேச்சு ஐந்தே நிமிடத்தில் சமையலறையில் இருக்கும் அவர் மனைவியின் காதுக்குப் போகும். நாளை வேனை வேறொருவர் எடுப்பார்.

இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். மருத்துவரிடம் தெரிகிறது என்று சொல்லிப் பழகிய வாய்தான்.

ஆனால் கார் அவருடையது அன்று. அவர் மனைவியுடையது. காலை எட்டு மணிக்கு அவள் இதே காரில் சரிவான தெருவில் இறங்கி, வளைவில் திரும்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். மூன்றாம் முறையாக, குதிகால் முதல் விரல்நுனி வரை கவனத்தை இறக்கி, மெதுவாக மிதித்தார்.

"இல்லம்மா. பஞ்சு மாதிரி உள்ள போகுது," என்றார். எட்டு மாதமாக எவரிடமும் சொல்லாததையும் சொன்னார். "கோளாறு என் காலுலயா வண்டியிலயான்னு எனக்கே தெரியல. ஆனா இதை அவகிட்ட இப்படியே குடுக்காதே."

கொழுந்தியாள் ஏறி உட்காரவில்லை. குனிந்து காலிப்பரைப் பார்த்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள். இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கத்திலும், வலப்பக்கத்துக் காலிப்பரை இடப்பக்கத்திலும் மாட்டித் தொலைத்திருக்கிறாளாம். மேலே இருக்க வேண்டிய திருகு கீழே போய்விட்டது. காற்றோ மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். விடிய விடிய மிதித்தாலும் வெளியே வராது. வெளியே தெரிந்தால் பட்டறையின் மானம் கப்பலேறிவிடும் என்றும், அக்காளிடம் மூச்சு விடக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள்.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. கோளாறு காரில்தான். கால் பார்த்த பார்வை சரி.

அவள் இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினாள். தவறு செய்தவளின் முகத்தில் இருக்க வேண்டிய வாட்டம் ஏனோ அவளிடம் இல்லை. மறுபடியும் மிதி, பிடி, விடு. இம்முறை பெரிய பெரிய குமிழிகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

பிறகு மிதி பாதி வழியில் நின்றது. கல். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். குதிகால் தெரிந்தது, பெருவிரல் தெரிந்தது, சுண்டுவிரல்கூடத் தெரிந்தது.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். கார் தயாரா என்று கேட்கவில்லை. கணவரின் பக்கம் திரும்பவும் இல்லை. தங்கையின் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். கார்க் கண்ணாடி இறக்கியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"சரியா இல்லன்னு அவராவே சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாருக்கா. நாம பேசி வச்சபடி மாத்தி மாட்டியிருந்ததை, கண்ணை மூடிக்கிட்டே சரியில்லன்னு சொன்னாரு."

காதில் விழாதவர்போல் அவர் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் அவர் மனைவி வாசற்படியில் அப்படியே உட்காருவது தெரிந்தது.