போகாத பயணத்துக்கு மானியம்

பயணம் போகாமல் இருந்து கரியமில வாயுவைக் குறைக்கும் குடும்பங்களுக்கு அரசு மானியம் கொடுத்தது. ஆனால் போகும் எண்ணம் உண்மையில் இருந்திருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வீட்டுக்கே வருவார். கட்டி வைத்த பைதான் ஆதாரம்.

மாமாவின் சாவுக்குப் போகாததில் கோமதியின் ஓசூர் வீட்டுக்கு மிக்ஸி வந்தது. தங்கை சங்கரியின் கல்யாணத்துக்குப் போகாததில் வாஷிங் மெஷின். நாளை தென்காசியில் சங்கரிக்கு வளைகாப்பு. கணவன் வினோதன் ஏசியை மனதில் வைத்து, கோமதியின் பெயரில் விண்ணப்பித்திருந்தான்.

அதிகாரி பையைத் திறந்தார்.

"பட்டுப்புடவையும் வளையலும் எல்லார் வீட்லயும் காட்டுறாங்கம்மா," என்றவர், பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே ஈரம் காயாத டூத் பிரஷ் இருந்தது.

"பொய்யா பை கட்டுறவங்க இதை மட்டும் பாத்ரூம்லயே விட்டுருவாங்க. நீங்க நிஜமாவே ஆசைப்பட்டிருக்கீங்க."

ஒப்புதல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

வினோதன் கைதட்டினான். "பிரஷ்ஷு! பலே ஆளுடி நீ. சரி, பையைப் பிரிச்சு வை."

"பிரிக்கதுக்கா பிரஷ் எடுத்து வச்சேன்? ஆறரைக்கு பஸ்."

"ஏய், அப்ப ஏசி?"

கோமதி செருப்பை மாட்டினாள். "நீங்க வரலல்லா? உங்க பேர்ல எழுதிப் போடுங்க. ஆனா, வர ஆசைப்பட்டீங்கன்னு அந்த சார் நம்பணும்."