பதின்மூன்று லட்டு

எந்த வேலையை எந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் பூங்கோதையின் உத்தியோகம். கடிதத்துக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று. இப்படித் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்தே, பதின்மூன்று பேர் இருந்த கிளையில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

பிறந்தநாள்காரர்தான் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிவர வேண்டும் என்பது அந்த அலுவலக வழக்கம். இன்று அவள் பிறந்தநாள்; பழக்கதோஷத்தில் பதின்மூன்று லட்டு வாங்கிவிட்டாள்.

"இதைச் சாப்பிட யாரைக் கூப்பிடறது?" என்று தன் கணினியிடம் கேட்டாள்.

"அதுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல மேடம். வாழ்த்துச் சொல்ல ஆறு கருவி இருக்கு. எது வேணும்?"

பூங்கோதை காலி மேசைகளில் ஒவ்வொரு லட்டாக வைத்துக்கொண்டே போனாள். பன்னிரண்டாவதை வைத்துவிட்டுத் திரும்பியபோது, முதல் மேசை லட்டு இல்லாமல், துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

துப்புரவுக்குச் சரியான கருவியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.