கல்லறை மேல் நித்தியகல்யாணி

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மகள் அமலியின் கல்லறையில் மண்டிக்கிடந்த நித்தியகல்யாணிச் செடிகளை ரெஜினாள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை பிடுங்கினாலும் இந்தச் சனியன் போவதில்லை. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், சிமெண்டில் ஒரு வெடிப்பு போதும். ஊருக்குப் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் அந்தப் பக்கமாக வந்தவர், பதறிவிட்டார்.

“பிடுங்காதீங்கம்மா! சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு இதுலருந்துதான் மருந்து எடுக்கிறாங்க. ஆடுகூட வாய் வைக்காத செடிக்குள்ள ஆண்டவர் எவ்வளவு பெரிய அதிசயத்த வெச்சிருக்கார், பாருங்க!”

ஒரு வருஷமாக ஆண்டவரின் அதிசயங்களைக் கேட்டுக் கேட்டு ரெஜினாளுக்குக் காது புளித்திருந்தது.

“தெரியும் சாமி. அந்த ஊசியத்தான் எம்மவளுக்குப் பதினோரு மாசம் போட்டாங்க. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் குணமாயிடுச்சு. பள்ளிக்கூடம் போறா.”

சாமியார் அப்போதுதான் கல்லறையில் எழுதியிருந்த வயதைப் படித்தார். ஏழு.

“சும்மா நின்னா எப்படி? பிடுங்கவா, வேண்டாமா? அதச் சொல்லுங்க.”

கடைசிச் செடி அவள் கைப்பிடியில் இருந்தது. வேர் இன்னும் மண்ணை விடவில்லை.