பூவம்மாள் மிதிக்காத வாசல்

"உங்கம்மா வந்திருக்காங்க. எதிர்ச்சாரியில நிக்கிறாங்க" என்றாள் செண்பகம், மடியில் மூன்று மாதக் குழந்தையோடு.

காசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிக்கட்டும்."

தாய்வீட்டிலிருந்து குழந்தை இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. ஆரத்தி எடுக்க வேண்டியவள் வெயிலில் நின்று வேடிக்கை பார்க்கிறாளாம்!

ஜெர்மன் சண்டைக்குப் பூட்ஸ் தைக்கத் தோல் போகத் தொடங்கியதிலிருந்து ஆம்பூரில் வேலைக்குக் குறைவில்லை. வீட்டுக்குத்தான் பஞ்சம். மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்கள். கல்யாணம் ஆன பிறகும் அப்பா, அம்மா, தம்பிகளோடு ஒரே அறையில்தான் முடங்கினான் காசி. பாவம் செண்பகம், பாதி நாள் தாய்வீட்டிலேயே கழித்தாள்.

நிசார் அஹமது சாயபுவின் இந்த வீடு காலியானபோது ஆசையாகப் போய் விசாரித்தான். வாடகையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பினான்.

அந்த வெள்ளிக்கிழமையே அவன் அம்மா பூவம்மாள் இந்த வீட்டுக்கு எதிரே நடுத்தெருவில் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஆடினாள். "கெணத்துல வுழுந்தவ உள்ள குந்தினு இருக்கிறாடா! எவன் வந்தாலும் வுடமாட்டா!"

காசிக்கு மானமே போயிற்று. அதன்பிறகு ஒரு ஈ காக்கை வீடு கேட்டு வரவில்லை. கடைசியில் சாயபுவே அவனைக் கூப்பிட்டார்.

"பாதி வாடகை குடு, போதும். உனக்குப் பயம் இல்லியே?"

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கம்மாவுக்குத்தான் கிறுக்கு, சாயபு" என்று சொல்லிக் குடிவந்தான்.

பூவம்மாள் ஒரு நாளும் வாசலை மிதிக்கவில்லை. மகன் தனிக்குடித்தனம் போனது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று தெருவே பேசியது. அவனும் நம்பினான்.

"கொழந்தைய வெளிய எடுத்துனு போய்க் காட்டட்டுமா?" செண்பகம் கெஞ்சினாள்.

"வேணாம். பேரனைப் பாக்கணும்னா உள்ள வரட்டும்."

விடுவிடுவென்று தெருவைக் கடந்தான். "இன்னாம்மா, பெத்த புள்ள மேல இவ்ளோ வன்மமா? வா உள்ள!" கையைப் பிடித்து இழுத்தான்.

பூவம்மாள் உதறிக்கொண்டாள். முந்தானையில் முடிந்திருந்த கருவளையல்களை எடுத்து அவன் கையில் திணித்தாள். கண்கள் நிறைந்திருந்தன. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"வுடுடா. பேய் இருக்குன்னு ஆடின நானே உள்ள வந்து ஒண்ணும் ஆகலன்னா, பேய் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். நாளைக்கே சாயபு பழைய வாடகை கேப்பாரு. கைக்கொழந்தைய வெச்சினு அப்புறம் எங்கடா போவீங்க? சன்னலாண்ட தூக்கிக் காட்டு, போதும்."