பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம்

வந்தவள் புத்தகத்தை நீட்டியதும் எழுத்தாளர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். என்ன பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டார்.

"கையெழுத்துக்கு வரல சார். நாப்பதாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு. அதை அடிச்சுக் குடுங்க."

அப்போதுதான் முகம் பிடிபட்டது. ரசாயன ஆலையில் தொட்டி கழுவ இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்துப்போன தொழிலாளியின் மனைவி. புத்தகமே அவரைப் பற்றித்தான். மூன்று மாதம் ஆலை வாசலில் கால் கடுக்க நின்று, ஒவ்வொருவரிடமாக விசாரித்து எழுதியது.

மகளின் மதிப்பெண் அட்டையை அந்த மனிதர் வேலைக்கே கொண்டுவந்து, தேநீர் நேரத்தில் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். 'சந்தோஷத்தைத் தனியாக அனுபவிக்கத் தெரியாதவர்' என்று எழுத்தாளர் எழுதியிருந்தார். அதைப் பாராட்டாத ஆளே இல்லை. இவளும் நன்றி சொல்ல வந்திருப்பாள் என்று நினைத்தவருக்குச் சுருக்கென்றது.

நாற்பதாம் பக்கத்தைப் புரட்டினார். 'தொட்டியருகே மாட்டியிருந்த எச்சரிக்கைப் பலகையை ஒரு நிமிடம் நின்று படித்தார். லேசாகச் சிரித்தார். பிறகு இறங்கினார்.'

"இதுல என்னம்மா தப்பு? அவரோட துணிச்சலத்தானே எழுதியிருக்கேன்."

அவள் பையிலிருந்து விசாரணை அறிக்கையின் நகலை எடுத்து மேஜையில் போட்டாள். அதில் எழுத்தாளருடைய வரி, ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. ஆபத்து தெரிந்தே இறங்கினார், ஆகவே தவறு இறந்தவருடையதுதான் என்று விசாரணையை முடித்துவிட்டிருந்தார்கள். இறங்கச் சொல்லி விரட்டிய மேற்பார்வையாளர் அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குத் திரும்பிவிட்டாராம்.

"செத்தவர் தலையிலயே கட்டிட்டாங்க. நீங்கதான் எடுத்துக் குடுத்திருக்கீங்க."

எழுத்தாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நடந்ததைக் கதை மாதிரிச் சொன்னால்தான் நாலு பேர் படிப்பார்கள், இல்லாவிட்டால் உன் புருஷனை யாருக்குத் தெரியும் என்று பொரிந்து தள்ளினார். பலகை இருந்தது நிஜம். அதன் முன்னால் அவர் ஒரு நிமிடம் நின்றதைக் காவலாளி கண்ணால் பார்த்திருக்கிறார். சிரிப்பு மட்டும்தான் தான் சேர்த்தது, வேண்டுமானால் அதை எடுத்துவிடலாம்.

"பலகை முன்னாடி நிக்கிற மனுஷன் அதைப் படிக்காம வேற என்னம்மா பண்ணுவான்?"

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தவிப்பது தெரிந்தது. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மார்க் அட்டையப் பத்தி எழுதினீங்களே, அது அத்தனையும் நிஜம். ஏன் அடுத்தவங்களப் படிக்கச் சொன்னாருன்னுதான் நீங்க யாரையும் கேக்கல. கூட வேலை பாத்தவங்களுக்குக்கூடத் தெரியாம இருபது வருஷம் மறைச்சாரு."

எழுத்தாளர் கையிலிருந்த பேனாவை மெல்ல மூடினார்.

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார். படிச்சுச் சொல்ல யாராவது வர்றாங்களான்னு பாத்துட்டு நின்னிருக்காரு."