அண்ணி வீட்டுத் தண்ணி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இதை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்ல முடியாது.

ஒரு பஸ். ஓட்டுகிறவர் புருஷன், டிக்கெட் கிழிக்கிறவள் பெண்டாட்டி. அவள் விசில் ஊதினால் அடுத்த தெருவில் போகிறவன்கூட நின்றுவிடுவான்.

அவளுக்குப் புற்றுநோய் வந்தது. வைத்தியத்தில் கட்டி கரைந்தது. ஆனால் மருந்தின் வேகத்தில் குடல் கெட்டுப்போனது. ஒரு வாய் சாப்பிட்டால் போதும், கக்கூஸுக்கு ஓட்டம். அப்புறம் எங்கே பஸ் ஏறுவது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து அழுதாள்.

டாக்டரம்மா சொன்னார்: "குடல்ல இருந்த நல்ல கிருமிங்களையும் மருந்து அழிச்சிடுச்சும்மா. ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துலேர்ந்து அதுங்களைப் பிரிச்செடுத்து, மாத்திரைக்குள்ள அடைச்சுத் தர்றோம். இப்பத்தான் சோதிச்சுப் பார்க்கிற வைத்தியம். முழுங்குவீங்களா?"

"ஐயய்யே! யாரோடது?"

"பேரைச் சொல்ல மாட்டோம்."

"எந்த மகராசனோ! திரும்பப் பஸ் ஏறினாப் போதும், கொடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினாள்.

பக்கத்துக் கட்டில்காரி சும்மா இருப்பாளா? "உங்க நாத்தனார் அடிக்கடி வர்றாங்க. ஆனா கீழ் மாடியோட திரும்பிடுறாங்களே!" என்று வத்தி வைத்தாள்.

அவ்வளவுதான். புருஷனைப் பிடித்து உலுக்கினாள். "பார்த்தீங்களா? என் வியாதி ஒட்டிக்குமோன்னு பயம் உங்க அக்காவுக்கு! இனிமே அவங்க வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்!"

அவர் இருமிச் சமாளித்தார்.

வயிறு மெல்ல மெல்ல அடங்கியது. பஸ்ஸில் மறுபடி விசில் கேட்டது. முதல் நாளே நாத்தனார் வந்து ஏறினாள்.

"வாங்க அண்ணி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நல்லாக் கேட்டுக்குங்க. உங்க வீட்டுலேர்ந்து ஒரு துளிகூட என் வயித்துக்குள்ள போகாது!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பின்பக்கம் போனாள்.

ஓட்டுகிறவர் தோள் குலுங்கியது. "அக்கா, சொல்லிடவா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா. அவ வாந்தி எடுத்துட்டான்னா, நான் ஆஸ்பத்திரிக் கக்கூஸ்ல போய்ப் போய் உட்கார்ந்ததெல்லாம் வீணாயிடும்!"

முணுமுணுத்த கையோடு திரும்பி, பஸ்ஸே அதிரக் கத்தினாள் நாத்தனார்:

"ஏம்மா கண்டக்டர்! வாய்தான் வேலை செய்யுது. என் டிக்கெட் எங்கே?"